கடைமடை வீட்டுக்கு ஏழு மணி முறை

பாளையங்கோட்டை,
ஆனி 28, சனிக்கிழமை.

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை இசக்கிமுருகன் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் சங்கிலிபூதத்தான் எழுதிக்கொண்ட கடிதம்.

இங்கே நானும் உங்கள் அத்தை முத்துராணியும், என் இடது முழங்காலும் அவளுடைய கோபமும் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகள் பிரியதர்ஷினியும் பெங்களூருக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருடம் சாரல் நேரத்துக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் பாபநாசம் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். ஃபோனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "விடுங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் "அடுத்த மாசம் காரையார் கோவிலுக்கு" என்று ஆரம்பித்து, "கா" என்ற இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றுபோனதும், அதைப் பிரியதர்ஷினி படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டதும், அதற்குக் கீழே என் சொந்தத் தம்பி உட்படப் பதினேழு பேர் சிரித்ததும் எனக்குத் தெரியும். அன்று நீங்கள் மூன்று யோசனை சொன்னீர்கள். "அந்த நெட்டுப் பெட்டிய அணைச்சுப் போட்டுருங்க மாமா. இல்லன்னா பாஸ்வேர்ட தாங்க, நான் இங்கன இருந்தே சரிபண்ணுதேன். அதுவும் வேண்டாம்னா பெரிய பிளானுக்கு மாத்திருவோம்." மூன்றையும் மறுக்கிறேன். மரியாதையோடு மறுக்கிறேன், ஆனால் மறுக்கிறேன். ஏன் என்று நீங்கள் முழுவதும் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஆறு பக்கத் தாள்.

சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது, பிரியதர்ஷினி கல்லூரியில் படிக்கையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கி, அதில் ஏதோ ஓர் இலவச மென்பொருளை ஏற்றி, "மாமா, இனிமே இது கம்ப்யூட்டர் இல்ல, கேட்வே. வளவுல அஞ்சு வீட்டுக்கும் வாற நெட்டு எல்லாம் இது வழியாத்தான் போகும்" என்று சொன்னீர்கள். அதை எழுதியவர்கள் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே திறந்து விட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டவுடனேயே எனக்கு அந்தப் பெட்டியின் மேல் மரியாதை வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே. பிறகு நீங்கள் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினீர்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு, எந்தச் சரக்கு முன்னால் போக வேண்டும், எது பின்னால் காத்திருக்க வேண்டும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கட்டம் கட்டமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் பாளையங்கால்வாயில் லஸ்கராக ஷட்டர் ஏற்றி இறக்கியவன் நான். எந்த மடைக்கு எவ்வளவு, எந்த ஊருக்கு என்றைக்கு முறை, கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா, இதைத் தவிர வேறு கவலை எனக்கு இருந்ததில்லை. உங்கள் துறையில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள், எங்கள் துறையில் முறை விடுவது என்போம். அவ்வளவுதான் வித்தியாசம். ஊருக்குக் கிளம்பும்போது காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று விதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். குரல் அழைப்புக்கு முதல் இடம், வீடியோவுக்குக் கடைசி இடம், ஐந்து வீட்டுக்கும் சம பங்கு. அந்தத் தாளை இன்றைக்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

வைகாசி முழுவதும் ஒரு குறையும் இல்லை. ஆனி முதல் வாரம் வளவுக்கு வெள்ளையடித்தோம். அடிக்க வந்தவர்கள் எல்லா வயரையும் உருவி ஒரே சாக்கில் கட்டிப் போட்டுவிட்டார்கள். நானே உட்கார்ந்து திரும்ப மாட்டினேன். மாட்டும்போதுதான் நீங்கள் செய்திருந்த ஒரு சிறு பிழை என் கண்ணில் பட்டது. தப்பாக நினைக்க வேண்டாம், இளம் வயதில் எல்லோரும் செய்வதுதான். நீங்கள் மோடத்திலிருந்து வந்த வயரைப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து வளவுக்குப் போகும் வைஃபையில் சொருகியிருந்தீர்கள். அதாவது அதிகாரியை வாய்க்காலுக்கு நடுவே கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தியிருந்தீர்கள். எந்த டிபார்ட்மெண்டிலும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அதிகாரி கரையில் நிற்க வேண்டும். கரையில் நின்று உத்தரவு போட்டால் தண்ணீர் கேட்கும். ஆகவே வளவு வயரை மோடத்திலேயே நேராக மாட்டி, பெட்டியை ஓரமாக, மோடத்துக்கும் என் மேசைக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பலகை போட்டுக் கௌரவமாக உட்கார வைத்தேன். பலன் அன்றைக்கே தெரிந்தது. உங்கள் திரையில் வைகாசி பூராவும் பொதிகை மலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்த, நெட் ஓட்டத்தைக் காட்டும் அந்தப் பச்சைக் கோடு, வெள்ளையடித்த மறுநாளே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. இப்படி ஒரு கட்டுப்பாட்டை என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே, இதற்கு மேலும் ஒழுங்கு செய்வோம் என்று முறை வைத்தேன். நமக்கு வருவது முப்பது மெகாபிட். முறை வந்த வீட்டுக்கு அதில் இருபது, மற்ற வீடுகளுக்கு நாக்கு நனைகிற அளவு. அதிகாரியே முதலில் அள்ளிவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்று எனக்கு விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை முறை போட்டுக்கொண்டேன். மீதி நேரமெல்லாம் என் வீட்டுக்குக் கால் மெகாபிட்தான். இதை ஓர் அட்டையில் கட்டம் போட்டு எழுதிக் கிணற்றடிச் சுவரில் ஒட்டினேன். கோர்ட்டில் கிளார்க்காக இருக்கும் இரண்டாம் வீட்டு மகாராஜன் பல் தேய்த்துக்கொண்டே அதை வாசித்தான்.

"என்ன அண்ணாச்சி, கன அடின்னு போட்டுருக்கீய? நான் என்ன நெல்லா நட்டுருக்கேன்?"

"மெகாபிட்டுன்னு எழுதுனா யாருக்குவே புரியும்? கன அடின்னா இந்த ஊருல பச்சப்பிள்ளைக்கும் தெரியும்."

"சாயங்காலம் மேட்ச் பாக்க எனக்கு எத்தன கன அடி வேணும்னு அதுலயே எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுக் கொப்பளித்தான். கோர்ட்டில் தினமும் வாய்தா கேட்டுப் பழகியவனுக்கு முறையின் அருமை தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஒரு மர்மம் ஆரம்பித்தது. மூன்றாம் வீட்டு ராஜலக்ஷ்மி டீச்சர் கணக்குப் பாடம் எடுக்கிறவர், திரையிலேயே நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துகிறவர். அவருக்கு முறை மதியம் இரண்டு மணிக்கு. ஆனால் காலை பத்து மணிக்கு அவர் வீட்டிலிருந்து இயற்கணிதம் தங்குதடையின்றிப் பாய்ந்துகொண்டிருந்தது. முறை இல்லாத நேரத்தில் தண்ணீர் பாய்கிறது என்றால் அர்த்தம் என்ன மாப்பிள்ளை? கள்ள மடை. வாய்க்காலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கரையைத் துளைத்துக் குழாய் இறக்குவார்கள், நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் டீச்சர் வீட்டுச் சுவரைச் சுற்றி வயர் ஏதும் ஓடுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே போய் ஜன்னலடியில் குனிந்தேன். குனிந்தவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். உள்ளே திரையிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், உங்க பின்னாடி ஜன்னல்ல ஒரு தாத்தா தொங்குறாங்க" என்றது. டீச்சர் திரும்பிப் பார்த்து, "சார், நான் கிளாஸ் எடுத்துண்டிருக்கேன். ஏதாவது வேணுமா?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, வரத்து எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நாற்பது பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவே நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கள்ள மடை அகப்படவில்லை. ஆனால் விடவில்லை. நான்காம் வீட்டில் நர்சிங் படிக்கும் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மோட்டுவளை வரை ஏணி போட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை, ஒரு குருவிக்கூடு மட்டும் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், இந்தத் திங்கட்கிழமை காலை, ஐந்தாம் வீட்டு சாலோமி ஒரு நோட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். உங்களுக்கு அவளைத் தெரியும். காது கேளாதவள், கையால் பேசுகிறவள், இங்கேயே பள்ளிக்கூடம் படித்து அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரன் பாக்கியசீலனும் அப்படியே. அவன் மஸ்கட்டில் மரவேலைப் பட்டறையில் இருக்கிறான். அங்கே வேலை முடிந்து அவன் அறைக்கு வரும்போது இங்கே மணி ஏழு. தினமும் ஏழிலிருந்து ஏழரை வரை இருவரும் வீடியோவில் பேசுவார்கள். நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணாச்சி, வெள்ளையடிப்பதற்கு முன்பு நன்றாக இருந்தது. இப்போது அவர் கை பாதியில் நின்றுபோகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கக் கம்பெனி கையெழுத்துக் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போடப் போகிறேன் என்கிறார். நான் அவரோடு சண்டை போட வேண்டும்."

நான் கீழே எழுதினேன்: "மெசேஜில் எழுதி அனுப்பலாமே."

அவள் எழுதினாள்: "எழுத்தில் சண்டை வராது."

தெரு முனைக்குப் போனால் செல்ஃபோன் சிக்னல் நன்றாகக் கிடைக்குமே என்று சைகை காட்டினேன். வளவுக்குள் அது எட்டிப் பார்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் நோட்டை ஃபோன் மாதிரி இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள். பிறகு கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒற்றைக் கையால் பேசினால் அரைப் பேச்சுதான் வரும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பாருங்கள் மாப்பிள்ளை, முப்பத்தோரு வருட சர்வீஸ் லேசில் விட்டுக்கொடுக்காது. முத்துராணியிடம் சொன்னேன், "வீடியோவுக்குக் கடைசி எடம்னு மாப்பிள்ளயே எழுதிக் குடுத்துருக்காரு. இவளுக்காவ மாத்துனா நாளைக்கு மகாராஜனும் மேட்சுக்கு வந்து நிப்பான். விதின்னா அது..."

அவ்வளவுதான் சொன்னேன். முத்துராணி தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். எடுத்தாள். "நீ என்ன..." என்றேன். பொத்தினாள். "...செய்யுத..." பொத்தினாள். முப்பத்து நான்கு வருட ஆசையை அன்று ஆற அமரத் தீர்த்துக்கொண்டாள்.

"இப்படித்தான் இருக்கும் அவளுக்கு" என்றாள். "நீங்க வாயால பேசுதிய, அவ கையால பேசுதா. உங்களுக்கு மட்டும் அது பேச்சு, அவளுக்குன்னா சினிமாவாக்கும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாப்பிள்ளை முன்னால் சொல்லக் கூடாத வார்த்தைதான், ஆனால் சொல்கிறேன், வெட்கமாகிவிட்டது. கடைமடை வயல் காய்ந்து கிடக்கும்போது லஸ்கர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். என் சொந்த வளவில் கடைசி வீட்டுக்காரி இரண்டு வாரமாகத் தன் புருஷனுடைய கை எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மூன்றாம் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அப்போதே உட்கார்ந்து, பெட்டியில் சாலோமி வீட்டு வீடியோவைக் குரலுக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்று மாலை ஏழு மணிக்கு அவள் வாசலில் போய் நின்றேன். பாக்கியசீலனின் கை மறுபடியும் பாதியில் நின்றது. பாபநாசத்தில் திறந்துவிட்டால் உடனே வந்துவிடுகிறதா, இங்கே வந்து சேர நேரம் ஆகத்தானே செய்யும், விதியும் அப்படித்தான் பைய வந்து சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழரை வரைக்கும் வந்து சேரவில்லை. சாலோமி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். என்னிடம் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபிக்காமல் போனாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து வீட்டையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். இனி ஏழிலிருந்து ஏழரை வரை முப்பதும் கடைமடைக்கு, மற்ற நாலு மடையும் அடைப்பு என்று சொன்னேன். மகாராஜனுக்கு மேட்ச், நர்சிங் பெண்களுக்கு ஏழு மணிக்கு ஏதோ பாட வீடியோ, டீச்சருக்கு வகுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். பேச்சு கொஞ்சம் அடங்கியது.

டீச்சர்தான் கேட்டார். "பெட்டியே தானா நிறுத்திடுமே சார். பின்ன எங்களை எதுக்குக் கூப்பிட்டு வெச்சுச் சொல்றேள்?"

நியாயமான கேள்வி. நான் சொன்னேன், "அறிவிப்பு இல்லாம ஷட்டர் போடுத பழக்கம் எனக்குக் கிடையாது டீச்சர். ஏத்துனாலும் எறக்குனாலும் முன்னாடி ஒரு விசில். குளிக்கவன், துவைக்கவ, ஆடு மாடு எல்லாம் கரையேறுத வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் கைய வைப்பேன். ஏழு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில விசில் அடிப்பேன். எல்லாரும் கரையேறிரணும்."

என் சர்வீஸ் விசில் இன்னும் இருக்கிறது. முத்துராணி அதைச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருந்தாள். சாயங்காலம் ஆறு ஐம்பத்தைந்துக்கு நடு வளவில் நின்று ஊதினேன். தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது. மகாராஜன் உள்ளேயிருந்து, "ஏறிட்டேன் அண்ணாச்சி, கரையேறிட்டேன்!" என்று கத்தினான். பெட்டியிலும் ஏழு மணிக்கு நாலு வீட்டை அடைக்கும்படி கட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஏழு அடித்தது. மாப்பிள்ளை, பாக்கியசீலன் வந்தான் பாருங்கள் திரையில்! மரத்தூள் ஒட்டின முடியோடு, நெற்றி வியர்வையோடு, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வந்தான். ஒரு விரல்கூட நிற்கவில்லை.

கைச்சண்டை என்றால் சத்தமில்லாமல் நடக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வளவே அதிர்ந்தது. உள்ளங்கையில் கை அறைகிற சத்தம், தொடையில் தட்டுகிற சத்தம், நடுவே மேசை மேல் ஒரு குத்து. பாத்திரம் ஒன்று உருண்டது. என்ன பேசினார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்வது மரியாதையும் இல்லை. ஆனால் யார் கை ஓங்குகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளும் இதே கதை. நேற்று வெள்ளிக்கிழமை ஏழு முப்பத்தொன்றுக்கு சாலோமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. மகாராஜன் பொறுக்க மாட்டாமல் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "ஆரு செயிச்சா?" என்று கேட்டான். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினாள்: "கையெழுத்துப் போடவில்லை. கார்த்திகையில் வருகிறார்." முத்துராணி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் சாரல் காற்று என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் மூன்று யோசனைகளையும் ஏன் மறுக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். பெட்டியை அணைக்க மாட்டேன். பாஸ்வேர்டு தர மாட்டேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இந்த வளவின் ஷட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது, அது மாப்பிள்ளையே ஆனாலும். பெரிய பிளானும் வேண்டாம், வெள்ளம் வந்தால் முறை கெட்டுப்போகும். பாக்கியசீலன் வளவுக்குள் கால் வைக்கும்வரை ஏழு மணி முறையை ஒருநாள்கூட விட மாட்டேன். மனிதர்களுடைய நல்ல மனதை நம்பி முறை விட முடியாது என்பது என் முப்பத்தோரு வருட அனுபவம். எதிரே நிற்கும்போது தலையை ஆட்டுவார்கள், நாம் திரும்பியதும் மடையைத் திறப்பார்கள். உங்கள் பெட்டிக்கு மகாராஜனும் தெரியாது, சாலோமியும் தெரியாது. அதற்கு விதி ஒன்றுதான் தெரியும். அதனால்தான் ஜெயித்தோம். அந்த மென்பொருளை எழுதித் திறந்து விட்டவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். வீடியோவுக்குக் கடைசி இடம் என்ற விதியை மட்டும் திருத்திக்கொள்ளும்படியும் எழுதிப் போடவும்.

பாபநாசநாதரும் உலகம்மையும் உங்கள் இருவரையும் காக்க வேண்டும். உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் கடைமடைவரை வற்றாமல் பாயட்டும். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிரியதர்ஷினிக்கு என் ஆசி, அவள் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் ஆசி இரண்டு மடங்கு.

இப்படிக்கு,
கரையில் நிற்கும் உங்கள் மாமா
சங்கிலிபூதத்தான்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. கவரை ஒட்டிவிட்டேன், தபால் நாளைக்குத்தான் போகும் என்பதால் ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் நெட் இணைப்புப் பார்க்கும் மதார் வந்தார். வளவு பூராவும் நன்றாக ஓடுகிறது, என் கம்ப்யூட்டர் மட்டும் நகர மாட்டேன் என்கிறது என்று முத்துராணிதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். அவர் வயர்களை விரலால் தடவிக்கொண்டே போய், "அண்ணாச்சி, இந்தப் பெட்டி என்ன செய்யுது?" என்றார். "வளவு முழுசையும் கட்டுப்படுத்துது" என்றேன். அவர் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "வளவுக்குப் போற வயரு மோடத்துலருந்து நேராப் போவுது அண்ணாச்சி. இந்தப் பெட்டி வழியா வாறது உங்க கம்ப்யூட்டர் ஒண்ணுதான். நீங்க போட்ட சட்டமெல்லாம் உங்க ஒருத்தருக்குத்தான்" என்றார்.

முத்துராணி சிரித்த சிரிப்பைக் கேட்டு மூன்றாம் வீட்டில் வகுப்பே நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் வீட்டில் கள்ள மடை ஏன் அகப்படவில்லை, கோடு ஏன் படுத்தது, ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் "கா"வில் நின்றேன் எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. பெட்டி அடைக்கவில்லை என்றால், செவ்வாயிலிருந்து நேற்று வரை ஏழு மணிக்கு நாலு மடையையும் அடைத்தது யார்? சோதித்துப் பார்க்க இன்று வேண்டுமென்றே விசிலை எடுக்காமல் ஆறு ஐம்பத்தைந்துக்குக் கிணற்றடியில் போய் சும்மா நின்றேன். டீச்சர் வெளியே வந்து ஃபோனைத் துவைக்கிற கல் மேல் கவிழ்த்து வைத்தார். நர்சிங் பெண்கள் மூன்று பேரும் வந்து மூன்று ஃபோனைப் பக்கத்தில் வைத்தார்கள். மகாராஜன் டிவியை அணைத்துவிட்டு, கடைசி ஓவர் என்று முனகிக்கொண்டே வந்து தன் ஃபோனையும் வைத்தான். என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மணி ஏழாவப் போவுதுல்லா, விசிலு எங்க?" என்று அதட்டினான். கடைசி வீட்டில் கை தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது.

மதார், "ரெண்டு நிமிசம் அண்ணாச்சி, வயரச் சரியா மாட்டிருதேன்" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கம்ப்யூட்டரை மட்டும் கழற்றி வளவோடு சேர்த்துக்கொண்டேன். இப்போது உங்கள் பெட்டி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, தினமும் தூசி தட்டுவேன். விஷயம் முத்துராணிக்கும் மதாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும். மேலே மனிதர்களைப் பற்றி எழுதியிருப்பதை நீங்களே அடித்துவிடவும். ஆடி அமாவாசைக்கு வரும்போது அந்த வயரைத் தொடக் கூடாது. ஏழு மணிக்கு உங்கள் ஃபோனும் துவைக்கிற கல்லுக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை என்பதற்காக விதிவிலக்கு கிடையாது.